வீட்டு இயந்திரங்கள் – வாசகர் கேள்வி பதில்: மலைக்குளிரும் வெப்பப் பம்பியும்

தை, மாசி மாதங்களில் வந்து சேர்ந்த கடிதங்களுள் பெரும்பாலானவை அறையைச் சூடாக்கும் ஏசி பற்றியும், அதே முறையில் நீரைச் சூடாக்கும் தாங்கி பற்றியும் இருந்தமையால், இம்முறை இப்பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். கடைக்காரர் ‘ஹொட் அண்ட் கூல்’ என்று சொல்லி விற்கும் இந்த இயந்திரத்துக்குப் பாடநூல் தரும் பெயர் வெப்பப் பம்பி. அந்தப் பெயரே எனக்குப் பிடித்தது. இயந்திரத்தின் வேலையை அது பிழையில்லாமல் சொல்லிவிடுகிறது. கந்தப்பளையிலும் வெலிமடையிலும் பள்ளத்து ஓடையிலிருந்து மேட்டு லீக்ஸ் பாத்திக்கு நீர்ப்பம்பி நீரை ஏற்றுகிறதே தவிர, நீரை உண்டாக்குவதில்லை. வெப்பப் பம்பியும் அப்படித்தான் வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை எடுத்து அறைக்குள் ஏற்றுகிறது. வெளியே 8 பாகை செல்சியஸ் குளிராக இருந்தாலும் அந்தக் காற்றில் எடுப்பதற்கு வெப்பம் உண்டு. ஏற்றுவதற்கு மட்டுமே மின்சாரம் செலவாவதால், ஓர் அலகு மின்சாரத்துக்கு ஏறக்குறைய மூன்று அலகு வெப்பம் கிடைக்கிறது. கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு விடை, ஓடை அடைபட்டால் பம்பி என்ன செய்யும் என்று எண்ணிப் பார்த்தாலே கிடைத்துவிடும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, நுவரெலியா: எண்பத்திரண்டு வயதான என் தாயாரின் அறைக்குச் சென்ற ஆண்டு இன்வேர்ட்டர் வகை ஏசி ஒன்றைப் பூட்டினோம். தை மாதத்தில் புல் மீது வெள்ளையாகப் பனி உறைந்திருந்த சில விடியற்காலைகளில், இயந்திரம் ஒரு மணித்தியாலம் போலச் சூடாக ஊதிவிட்டுத் திடீரென நின்றுவிட்டது. வெளிப்பெட்டியில் ஐஸ் பிடித்திருந்தது. பிறகு அதிலிருந்து புகை போல வெண்ணிறமாக எழுந்தது. கேஸ் போய்விட்டது என்று அயலவர் சொல்கிறார்கள். பார்க்க வந்த பாஸும் கேஸ் நிரப்ப வேண்டும் என்கிறார். நிரப்பலாமா?

பதில்: நிரப்ப வேண்டாம், ஆசிரியை அவர்களே. நீங்கள் எழுதியிருப்பது முழுவதும் நலமாக உள்ள ஓர் இயந்திரத்தின் நடத்தை. அது தன் மீது படிந்த பனியைத் தானே உருக்கிக்கொள்கிறது.

வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுக்க வேண்டுமானால், வெளிப்பெட்டியில் உள்ள, கேஸ் ஓடும் குழாய்ச் சுருள் அந்தக் காற்றைவிடக் குளிர்ந்திருக்க வேண்டும். காற்று 4 அல்லது 5 பாகையில் இருக்கும்போது சுருளின் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது. வானிலை அறிக்கையில் ‘துகள் உறைபனி’ என்று சொல்லப்படுவது எப்படிக் கொழுந்தின் மீது படிந்து அதனைக் கருக்குகிறதோ, அதே முறையில் காற்றிலுள்ள ஈரம் சுருளின் தகடுகளுக்கிடையே படிந்து உறைகிறது. நமது காற்றில் ஈரம் அதிகம் என்பதால் இது விரைவாகவே நடக்கும். தகடுகளின் இடைவெளி அடைபட்டால் காற்றுப் போகாது. காற்றுப் போகாவிட்டால் வெப்பம் கிடைக்காது. ஆகவே இயந்திரம் சற்று நேரம் தன் வேலையைத் தலைகீழாக மாற்றி, அறையிலிருந்து கொஞ்சம் வெப்பத்தை எடுத்து வெளிச்சுருளுக்கு அனுப்புகிறது. அப்போது குளிர்காற்று உங்கள் தாயார் மீது வீசாதிருக்க உள்விசிறி நிறுத்தப்படும்; வெளிவிசிறியும் நிற்கும்; உட்பெட்டியில் ஒரு விளக்கு மினுங்கும். உருகிய நீர் கீழே ஒழுகும்; சூடான சுருளிலிருந்து எழும் நீராவிதான் நீங்கள் கண்ட வெண்புகை. மூன்று நிமிடம் முதல் பத்து நிமிடம் வரையில் இது முடிந்து, இயந்திரம் மீண்டும் சூடாக ஊதத் தொடங்கிவிடும்.

எப்போது கவலைப்பட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பனி சுருள் முழுவதும் மெல்லிய வெண்படலமாக ஒரே சீராகப் படிந்து, உருக்கத்தின் பின் முற்றாக நீங்கிவிட்டால் குறை எதுவுமில்லை. சுருளின் ஒரு மூலையில் மட்டும் ஐஸ் தடித்து, எஞ்சிய பகுதி வெறுமையாக உலர்ந்து கிடந்தால் கேஸ் குறைந்திருக்கக்கூடும். அடிப்பகுதியில் மட்டும் நாளுக்கு நாள் கட்டி வளர்ந்தால், உருகிய நீர் வெளியேறும் துளைகள் இலையாலோ பாசியாலோ அடைபட்டிருக்கின்றன. பெட்டி முழுவதும் ஐஸால் மூடுண்டு நண்பகல் வரையும் உருகாதிருந்தால், வெளிவிசிறி சுற்றுகிறதா என்று முதலில் பாருங்கள். சுற்றுமானால் சுருளின் வெப்பநிலையை அறியும் உணரி கழன்றிருக்கலாம், அல்லது கேஸின் ஓட்டத்தைத் திருப்பிவிடும் திசைமாற்றும் வால்வு இறுகியிருக்கலாம். இவை திருத்துநர் பார்க்க வேண்டியவை. எந்த நிலையிலும் கத்தியாலோ குச்சியாலோ ஐஸைக் கிண்டாதீர்கள். அந்தத் தகடுகள் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைவிடச் சற்றே தடித்தவை. அவற்றின் பின்னால் ஓடும் செப்புக்குழாயில் ஒரு கீறல் விழுந்தால் அன்றைக்கே கேஸ் முழுவதும் போய்விடும். அவசரமென்றால் ஆளியை நிறுத்திவிட்டுச் சாதாரணக் குழாய்நீரை மெதுவாக ஊற்றுங்கள், கொதிநீர் வேண்டாம்.

பாஸின் எண்ணம் கெட்டதென்று நான் கருதவில்லை. கொழும்பின் சூட்டில் குளிரூட்டுவதற்கு ஓடும் இயந்திரங்களில் பழகியவர்கள், அங்கே காணும் அழுத்தத்தை இங்கேயும் எதிர்பார்க்கிறார்கள். கேஸின் அழுத்தம் வெப்பநிலையோடு ஏறி இறங்குவது. நுவரெலியாக் காலையில் மானி குறைவாகக் காட்டுவது இயல்பு. அதைப் பார்த்துக் கூடுதலாக நிரப்பப்பட்ட கேஸ், பின்னர் வெயில் நாளில், கேஸை அழுத்திச் சுற்றவிடும் கொம்பிரசரை வருத்தும்.

தனியார் நிறுவன ஊழியர், பண்டாரவளை: ரிமோட்டில் சூரியன் அடையாளத்தை வைத்தாலும் குளிர்காற்றே வருகிறது. இயந்திரம் புதியது.

பதில்: வெளிப்பெட்டியின் பக்கத்தில் ஒட்டியுள்ள விபரத் தகட்டைப் படியுங்கள். குளிரூட்டும் கொள்ளளவு, சூடாக்கும் கொள்ளளவு என இரு வரிகள் இருக்க வேண்டும். ஒரு வரி மட்டுமே இருந்தால் உங்களுக்கு விற்கப்பட்டது குளிரூட்டும் இயந்திரம். நமது நாட்டில் விற்பனையாகும் பெரும்பாலானவை அத்தகையவையே; ஒரே ரிமோட்டைப் பல வகைகளுக்கும் பொதுவாகத் தயாரிப்பதால், இல்லாத வசதியின் அடையாளமும் அதில் காணப்படும். இதற்குத் திருத்தம் கிடையாது. பற்றுச்சீட்டுடன் கடைக்குச் சென்று மாற்றித்தரக் கேளுங்கள். இரு வரிகளும் இருந்தால், சூடாக்கும் நிலையில் வைத்து ஐந்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். உட்சுருள் சூடேறும்வரை விசிறி ஓடாதிருப்பதே முறை. அதன் பிறகும் குளிர்காற்றே வருமானால் திசைமாற்றும் வால்வைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

வாசகர், ஹட்டன்: மூன்று ஆண்டுகள் நன்றாக ஓடிய இயந்திரம் இப்போது அறையைச் சூடாக்க இரண்டு மடங்கு நேரம் எடுக்கிறது. சத்தமும் கூடிவிட்டது. மழைக்கு நனையாமல் வெளிப்பெட்டியைத் தகரக் கூண்டுக்குள் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறோம்.

பதில்: அந்தத் தகரக் கூண்டுதான் குறை என்று எண்ணுகிறேன். லிந்துலைப் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு நான் போனபோது, வெளிப்பெட்டிக்குக் குளிருமென்று யூரியா உரப்பை ஒன்றை வெட்டி அதன் முகத்தில் போர்த்தி, சணல் கயிற்றால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். பையை நீக்கியபோது உட்புறம் ஈரமாகவும், சுருளின் மேற்பாதி கறுப்பாகவும் இருந்தது. பக்கத்திலேயே விறகடுப்புக் குசினியின் புகைவாய். புகைக்கரியும் தாளித்த எண்ணெய்ப் பிசுக்கும் ஆண்டுக்கணக்கில் தகடுகளில் ஒட்டியிருந்தன. விரலால் தேய்த்தால் தார் போல ஒட்டியது. அந்தக் குடும்பம் மூன்று குளிர்காலங்களாக, இயந்திரம் போதாது என்று எண்ணி இன்னொன்று வாங்குவதற்குச் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தது. நுரைக்கும் சவர்க்காரக் கரைசலும் நீரும் கொண்டு ஒன்றரை மணித்தியாலம் கழுவியதோடு அந்த வேலை முடிந்தது.

வெளிப்பெட்டி மழையில் நனைவதற்கென்றே செய்யப்பட்டது. அதற்குக் கூரை தேவையில்லை. அதற்குத் தேவை காற்று. முன்பக்கம் தள்ளப்படும் குளிர்ந்த காற்றுத் தகரத்தில் மோதித் திரும்பிவந்தால், ஏற்கெனவே வெப்பம் எடுக்கப்பட்ட அதே காற்றிலிருந்து இயந்திரம் மீண்டும் வெப்பம் எடுக்க முயல்கிறது. முன்பக்கம் ஒரு மீற்றருக்குக் குறையாமலும், பின்பக்கமும் பக்கவாட்டிலும் கைப்புத்தகத்தில் குறித்துள்ள இடைவெளியும் விடுங்கள். திருட்டுக்குப் பயந்து கூண்டு வேண்டுமென்றால், தகரத்தை நீக்கிவிட்டு அகன்ற கம்பி வலை போடுங்கள். உட்பெட்டியின் பில்டரை மாதம் ஒரு முறை கழற்றிக் குழாய்நீரில் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டுங்கள். பில்டர் அடைபட்ட நிலையில் சூடாக்க ஓடும் இயந்திரத்தில் அழுத்தம் உயர்ந்து, கொம்பிரசர் திணறும். சத்தம் கூடியதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

உயரமான ஊர்களில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் கரையோரத்தில் உள்ளதன் ஐந்தில் நான்கு பங்கு மட்டுமே. சோறும் பருப்பும் வேக நேரமெடுப்பதும் அதனால்தான். காற்று அடர்த்தி குறைந்திருப்பதால் அதே விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் குறைந்த அளவு காற்றையே சுருளின் ஊடாகச் செலுத்துகிறது. கரையோரத்தில் சிறிது அழுக்கைப் பொறுத்துக்கொள்ளும் இயந்திரம் மலையில் பொறுக்காது. ஹட்டன் அவ்வளவு உயரமில்லை என்றாலும் இது உங்களுக்கும் ஓரளவு பொருந்தும்.

சிறு வர்த்தகர், தலவாக்கலை: இரண்டு ஆண்டுகளில் மூன்று முறை கேஸ் நிரப்பிவிட்டோம். ஒவ்வொரு முறையும் சில மாதங்கள் நன்றாக ஓடி, பின்பு சூடு குறைகிறது. எத்தனை மாதத்துக்கு ஒரு முறை நிரப்புவது சரியானது?

பதில்: ஒரு முறையும் நிரப்பத் தேவையில்லை என்பதே சரியான விடை. அடுப்புக் கேஸ் எரிந்து தீர்வது போல இந்தக் கேஸ் தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வரும் அது, இயந்திரத்தின் ஆயுள் முழுவதும் அதே அளவில் இருக்க வேண்டும். குறைந்தால் எங்கோ கசிகிறது. கசிவைத் தேடாமல் மூன்று முறை நிரப்பியவர், ஓட்டைக் குடத்துக்கு மூன்று முறை நீர் மொண்டு ஊற்றியிருக்கிறார். அதற்கு நீங்கள் மூன்று முறை பணம் கொடுத்திருக்கிறீர்கள். இதனைக் கண்டிப்புடன் எழுதுவதற்குக் காரணம், இந்தத் தொழிலில் வாடிக்கையாளர் ஏமாறும் இடங்களில் முதலாவது இதுதான் என்பதே. திருத்துநர் வரும்போது அருகில் நின்று பின்வருவனவற்றைக் கேளுங்கள்.

பூட்டும்போது செப்புக்குழாயின் நுனியைப் புனல் போல விரித்து, பித்தளைச் சுரையால் இறுக்கும் இணைப்புகளிலேயே பெரும்பாலான கசிவுகள் உண்டாகின்றன. விரித்த விளிம்பில் ஒரு சிறு பிசிறு இருந்தாலோ, சுரையை அளவுக்கு மிஞ்சி இறுக்கிச் செம்பு மெலிந்து வெடித்திருந்தாலோ, வாரத்துக்குச் சில கிராம் வீதம் கேஸ் வெளியேறும். கேஸோடு சிறிது எண்ணெயும் வருமாதலால் அந்த இடத்தில் தூசி படிந்து கறுத்த ஈரக்கறை காணப்படும்; முதலில் அதைத் தேடச் சொல்லுங்கள். பிறகு குழாயில் நைதரசன் வாயுவை அழுத்தத்தில் அடைத்து, இணைப்புகளில் சவர்க்கார நுரை பூசிக் குமிழி எழுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒட்சிசன் உருளையை இதற்குப் பயன்படுத்த ஒருபோதும் இடங்கொடாதீர்கள். உள்ளேயுள்ள எண்ணெயுடன் சேர்ந்து வெடிக்கும்.

கசிவை அடைத்த பின்னர் வெற்றிடப் பம்பியால் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் முற்றாக இழுத்தெடுக்க வேண்டும். நமது மூடுபனி நாட்களில் திறந்து கிடந்த குழாய்க்குள் ஈரம் நிச்சயமாகப் புகுந்திருக்கும். அது எண்ணெயைக் கெடுத்து, நாளடைவில் கொம்பிரசரின் கம்பிச் சுற்றையே அரித்துவிடும். இங்கே மலையகத் திருத்துநர்களுக்கு ஒரு குறிப்பு. சாதாரண அழுத்தமானி, தன்னைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தோடு ஒப்பிட்டே வெற்றிடத்தைக் காட்டும். கரையோரத்தில் முழு வெற்றிடத்துக்கு 30 அங்குலம் வரை இறங்கும் முள், நுவரெலியாவில் 24 அங்குலத்துக்கு மேல் இறங்காது. பம்பி பழுதென்று எண்ணி வேலையை இடையில் விடுவோரும் உண்டு. 24 வந்துவிட்டது, போதும் என்று உடனே நிறுத்துவோரும் உண்டு. ஈரம் போயிற்றா என்பதை அந்த முள் சொல்லாது. எஞ்சிய நுண்ணிய அழுத்தத்தை மைக்ரோன் என்னும் அளவில் காட்டும் தனி மானியில் 500 மைக்ரோனுக்குக் கீழே இறங்கி, பம்பியை நிறுத்திய பின்பும் ஏறாமல் நின்றால்தான் வேலை முடிந்ததாகக் கொள்ள வேண்டும்.

கடைசியாக, கேஸைத் தராசில் நிறுத்தே நிரப்ப வேண்டும். எத்தனை கிராம் என்பது விபரத் தகட்டில் அச்சிடப்பட்டிருக்கும். சூடாக்கும் நிலையில் இயந்திரம் ஓடும்போது, மானியைப் பொருத்தும் குழாய்வாயின் அழுத்தம் பல மடங்கு உயர்ந்திருக்கும் என்பதால், ஓடவிட்டு மானியைப் பார்த்து நிரப்பும் வழக்கம் இங்கே பொருந்தாது, ஆபத்தும்கூட. தகட்டில் ஆர் 32 என்றிருந்தால் அந்தக் கேஸ் மெதுவாகத் தீப்பற்றக்கூடியது; சன்னலைத் திறந்து, அருகில் அடுப்பும் சிகரெட்டும் இல்லாமல் வேலை நடக்க வேண்டும். ஆர் 410ஏ எழுதியுள்ள இயந்திரத்தில் ஆர் 22 நிரப்ப விடவே கூடாது. நிரப்பிய கேஸின் பெயரையும் நிறையையும் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.

இல்லத்தரசி, கினிகத்தேனை: மழைக்காலத்தில் சுவரெல்லாம் பூஞ்சணம் பிடிக்கிறது. ஈரத்தை உறிஞ்சுவதற்காக ‘ட்ரை’ நிலையில் ஓடவிட்டால் உட்பெட்டியிலிருந்து ஐஸ் துண்டுகள் விழுகின்றன.

பதில்: ‘ட்ரை’ நிலை என்பது மெதுவாகக் குளிரூட்டுவதே. அறை ஏற்கெனவே குளிர்ந்திருக்கும் இரவுகளில் உட்சுருள் உறைநிலைக்குப் போய்விடுகிறது. அத்தகைய நாட்களில் சூடாக்கும் நிலையில் 20 பாகையில் ஓடவிட்டு, பகலில் மழை விட்ட நேரம் பார்த்துச் சன்னலை அரை மணித்தியாலம் திறந்துவையுங்கள். ஈரத் துணிகளை அந்த அறைக்குள் உலர்த்தாதீர்கள். பில்டர் சுத்தமாக இருந்தும், வெயில் நாளிலும் ஐஸ் விழுந்தால் மட்டும் கேஸைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

தோட்ட உத்தியோகத்தர், இராகலை: மாலை ஏழு மணிக்குப் பிறகு இயந்திரம் தானாக நின்று, எழுத்தும் இலக்கமுமாக ஏதோ காட்டுகிறது. இரவு பதினொரு மணிக்குப் போட்டால் ஒழுங்காக ஓடுகிறது. வேறு சில நாட்களில் வீட்டின் ட்ரிப் சுவிட்ச் விழுந்துவிடுகிறது. இரண்டும் ஒரே குறையா?

பதில்: இரண்டும் வெவ்வேறு. முதலாவது மின்னழுத்தக் குறைவாக இருக்கலாம். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை எல்லா வீடுகளிலும் மின்பாவனை உச்சத்தில் இருக்கும். நீண்ட கம்பித் தொடரின் கடைசியில் உள்ள தோட்டக் குடியிருப்புகளுக்கு 230 வோல்ட் வந்து சேர்வதில்லை. குறைந்த அழுத்தத்தில் கூடுதலாக மின்னோட்டம் இழுக்க நேர்வதால் இயந்திரம் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடுகிறது. அது காட்டும் குறியீட்டைக் குறித்து, கைப்புத்தகத்தில் பாருங்கள். அதே நேரத்தில் வயரிங் பாஸ் ஒருவரைக் கொண்டு வோல்ட் அளவை அளந்து, இயந்திரம் ஓடும்போதும் நிற்கும்போதும் எவ்வளவு என்று எழுதிவையுங்கள். நிற்கும்போது சரியாக இருந்து, ஓடத் தொடங்கியதும் சடுதியாக விழுந்தால் உங்கள் வீட்டு வயரே மெலிந்தது. தொடுப்பு வயரில் ஒருபோதும் ஓட்டாதீர்கள், வீட்டின் மின்விநியோகப் பெட்டியிலிருந்து தனி வயர் இழுத்துக்கொள்ளுங்கள். நிற்கும்போதே குறைவாக இருந்தால், அந்த அளவுகளோடு மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள். வெறும் வாய்ச்சொல்லைவிட, திகதியும் நேரமும் அளவும் கொண்ட ஒரு தாள் அதிகம் பேசும்.

இரண்டாவது குறையில், விழுவது மிச்ச மின்னோட்டச் சுற்றுடைப்பான் என்றால் எங்கோ மின்சாரம் நிலத்துக்குக் கசிகிறது என்று பொருள். 30 மில்லியம்பியர் கசிந்தாலே அது விழுந்து உயிரைக் காக்கும்படி அமைக்கப்பட்டது. மழை, மூடுபனி நாட்களில் மட்டும் விழுமானால் வெளிப்பெட்டியின் வயர் இணைப்புப் பெட்டிக்குள் நீர் இறங்கியிருக்கும். எலி வயரைக் கடித்திருக்கலாம். வெதுவெதுப்பை நாடிப் பல்லி சுற்றுப்பலகையில் ஏறிக் கருகிக் கிடப்பதை நான் பல முறை கண்டிருக்கிறேன். அந்த ஆளியை மீண்டும் மீண்டும் தூக்கிவிடுவதோ, அதனைத் தவிர்த்து நேரடியாக இணைப்பதோ உயிராபத்து. பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பிற்பகல் இடிமின்னல் வரும்போது இயந்திரத்தின் தனி ஆளியை நிறுத்திவிடுங்கள். மின்சாரம் போய்த் திரும்பினால் மூன்று நிமிடம் பொறுத்துப் போடுங்கள்.

விருந்தினர் இல்லம் நடத்துபவர், ஹப்புத்தளை: கீசருக்குப் பதிலாக 200 லீற்றர் வெப்பப் பம்பித் தாங்கி ஒன்றை வாங்கினோம். மின்கட்டணம் குறையும் என்றார்கள். காலை இரண்டு பேர் குளித்தால் மூன்றாமவருக்குப் பச்சைத்தண்ணீர், கட்டணமும் குறையவில்லை. தாங்கியின் வால்வும் சொட்டுகிறது.

பதில்: முதலில் கணக்கைப் பார்ப்போம். 15 பாகையிலுள்ள 200 லீற்றர் நீரை 55 பாகைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 9.3 கிலோவாட் மணி, அதாவது 9.3 அலகு, வெப்பம் வேண்டும். கீசரில் அது முழுவதும் மின்மானியில் ஏறும். ஒழுங்காக ஓடும் வெப்பப் பம்பியில் மூன்று அலகு சொச்சம் போதும். ஆனால் அது மெதுவான வேலைக்காரன். வீட்டு வகைத் தாங்கிக்கு மூன்று, நான்கு மணித்தியாலம் பிடிக்கும். காலை ஆறு மணிக்கு நீர் வேண்டுமானால் நள்ளிரவு கடந்ததும் அது வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும். கீசரைப் போலக் குளிக்கப்போகும் நேரத்தில் ஆளியைப் போடும் பழக்கம் உங்கள் இல்லத்தில் தொடர்கிறது என்று ஊகிக்கிறேன். அப்படிச் செய்தால் நீர் போதாதென்று கண்டு, உள்ளேயிருக்கும் துணைச் சூடாக்கி எரியத் தொடங்கும். அது கீசரின் கம்பிதான். உங்கள் கட்டணம் குறையாமைக்கு இதுவே முதற் காரணமாக இருக்கலாம். நேரங்காட்டியைச் சரிசெய்து, துணைச் சூடாக்கியை நிறுத்திவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள்.

அடுத்ததாக, தாங்கி எங்கே இருக்கிறது என்பதை நீங்கள் எழுதவில்லை. இயந்திரமும் தாங்கியும் ஒன்றாக அமைந்த வகையை மூடிய களஞ்சிய அறைக்குள் வைத்தால், அந்தச் சிறு அறையின் காற்றை அது ஒரு மணித்தியாலத்திலேயே குளிரச் செய்து, பிறகு எடுக்க வெப்பமின்றித் தவிக்கும். கதவில் மேலும் கீழும் காற்றுத் துவாரங்கள் அமைக்க வேண்டும், அல்லது திறந்த தாழ்வாரத்துக்கு மாற்ற வேண்டும்.

சூடாக்கும்போது 200 லீற்றர் நீர் விரிந்து ஏறக்குறைய 2.7 லீற்றர் கூடுகிறது. அதற்கு வழிவிடத்தான் வால்வு சொட்டுகிறது. சூடாக்கும் நேரத்தில் மட்டும் சொட்டினால் அதனைத் தொடாதீர்கள்; அடைத்தால் தாங்கி வெடிக்கக்கூடும். நாள் முழுவதும் ஒழுகினால் மட்டுமே மாற்றுங்கள். சிக்கனம் கருதித் தாங்கியை 45 பாகையில் வைப்பதும் வேண்டாம். 20 முதல் 45 பாகை வரையான நீரில் லெஜியனெல்லா என்னும் நுரையீரல் நோய்க்கிருமி பெருகும்; விருந்தினர் வந்து போகும் இல்லத்தில் தாங்கி 60 பாகையைத் தொடுவது அவசியம். அந்தச் சூட்டில் கை வெந்துவிடுமாதலால் குளியலறைக்கு முன் கலப்பு வால்வு ஒன்றைப் பூட்டிக்கொள்ளுங்கள். மலை ஊற்றுநீர் பெரும்பாலும் மென்னீர் என்பதால் உப்பு படிவது குறைவு; ஆனால் தாங்கியைத் துருவிலிருந்து காக்கும் மக்னீசியக் கோல் கரைந்து தீரும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கழற்றிப் பார்த்து, பென்சில் அளவுக்கு மெலிந்திருந்தால் மாற்றுங்கள்.

மாணவி, நானுஓயா: பாட்டியின் அறையை விரைவில் சூடாக்க ரிமோட்டில் 30 வைக்கிறோம். பிறகு கட்டணத்துக்குப் பயந்து நிறுத்திவிட்டு, கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிறோம். இரவு முழுவதும் இயந்திரத்தை ஓடவிட்டால் கட்டணம் எவ்வளவு கூடும்?

பதில்: தங்கையே, கரி அடுப்பைப் பற்றி முதலில் சொல்கிறேன். மூடிய அறையில் தணல் காபனோரொட்சைட்டு வாயுவை வெளியிடும். அதற்கு மணமும் நிறமும் இல்லை. தலைவலியும் மயக்கமும் தூக்கம் போலவே வருவதால், தூங்குபவர் எழுந்திருக்கமாட்டார். புகை வராத தணலே பாதுகாப்பானது என்ற எண்ணம் நம் வீடுகளில் பரவலாக இருக்கிறது, அது தவறு.

30 என்று வைப்பதால் விரைவில் சூடாகாது. அறை பாட்டிக்குப் போதுமான சூட்டை எட்டிய பின்பும் இயந்திரம் முழு வேகத்தில் ஓடிக்கொண்டேயிருக்கும், அவ்வளவுதான். மாலை அறை முற்றாகக் குளிர்வதற்கு முன்பே 21 பாகையில் போட்டு, அப்படியே விட்டுவிடுங்கள். இன்வேர்ட்டர் இயந்திரம் அந்தச் சூட்டைக் காக்க மெதுவாக, குறைந்த மின்சாரத்தில் ஓடும். சிறிய அறையில் சராசரியாக 400 வாட் இழுத்தால் எட்டு மணித்தியாலத்துக்கு 3.2 அலகு, மாதத்துக்கு ஏறக்குறைய 96 அலகு. வீட்டுப் பாவனைக் கட்டணத்தில் அலகுகள் கூடக்கூட வீதமும் படிப்படியாக உயர்வதால், உங்கள் வீட்டு மின்பட்டியலை எடுத்து, இப்போதைய அலகுகளோடு இந்த 96ஐக் கூட்டிப் பாருங்கள். உயர்ந்த படிக்குப் போகுமானால் பாட்டி உறங்கியதும் 18க்குக் குறைத்து, போர்வையைக் கூட்டிக்கொள்ளலாம்.

அந்த 400 வாட்டைக் குறைப்பது உங்கள் கையிலும் இருக்கிறது. தகரக் கூரைக்குக் கீழே சீலிங் இல்லாத அறையில் ஏற்றும் வெப்பம் கூரை வழியாகப் போய்விடும். பலகை சீலிங் ஒன்று அடித்தால் வேறெந்தச் செலவையும்விட அது பயன் தரும். அதுவரை கதவின் அடியில் பழைய சேலையை உருட்டி வையுங்கள், சன்னலுக்குத் தடித்த திரை போடுங்கள், உட்பெட்டியின் காற்றுத் தடுக்கை கீழ்நோக்கித் திருப்பிவிடுங்கள். அடுப்பை இன்றிரவே வெளியே எடுத்து, தணலை நீரூற்றி அணைத்துவிடுங்கள்.